ஆறு பெட்டிக்கு ஒரே எண்

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டி, கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் நூற்றிருபது படுக்கை மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதில் ஐம்பத்தொரு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆள் ஜெபராணி. வயது முப்பத்தேழு. மாடிப்படிக்குக் கீழே, முன்பு அழுக்குத் துணி மூட்டை போட்டு வைத்திருந்த அறையில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் பயந்தவள். காலையில் வீட்டைப் பூட்டியதும் பூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வாள். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு. கேஸ் சிலிண்டரின் குமிழுக்குத் தனியாக ஒரு படம். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் மருத்துவமனையில் யாரும் இல்லை.

"ஒம் புருசனையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க ஆத்தா. மலையேறிப் போறவரு எங்கனயாச்சும் தங்கிரப் போறாரு" என்பாள் டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் மகிமா.

ஜெபராணியின் கணவன் ஆண்டனி ராஜ் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன். தினமும் வளைவுகளில் ஏறி இறங்குகிறவனை வைத்துச் சொல்லும் கேலி அவளுக்குச் சிரிப்பு மூட்டாது. மழை நாட்களில் மதியம் மூன்று மணிக்கு அவன் "எறங்கிட்டேன்" என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும். மூன்றரை வரை வராவிட்டால் அவளிடம் எந்த வேலையும் சொல்லிப் பயனில்லை.

பிறந்தது ஜெயமங்கலம். அப்பா வாழைத்தார் ஏற்றும் கூலி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் இருந்தாள். யாருடைய கம்ப்யூட்டர் கெட்டாலும் போனில் கேட்டுச் சரிசெய்து கொடுக்கும் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்த மருத்துவமனையில் வீட்டுப் பராமரிப்பு வகுப்பு நடத்துகிறேன். அதில் சேர்ந்தாள். படுத்த படுக்கையாய் இருப்பவரை எத்தனை மணிக்கு ஒரு தடவை புரட்டுவது, குதிகாலுக்கு அடியில் எதை வைப்பது, விழுங்கும்போது புரை ஏறினால் என்ன செய்வது என்று கேட்டதையே திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் அப்பா இரண்டு வருடம் கிடந்தார். உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லாமல் போனார். அது லேசான காரியமில்லை. தைரியசாலிகள் வீட்டில் அப்படி நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துத்தான் கன்னியர் அவளை வேலைக்கு எடுத்தார்கள்.

அவளுடைய வேலையில் ஒரு பகுதியை மட்டும் இங்கே விளக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் ஓடும் நிரலில் ஓட்டைகள் இருக்கும். அதைத் தயாரித்த நிறுவனமே மாதாமாதம் ஓட்டையை அடைக்க அப்டேட் அனுப்பும். ஐம்பத்தொரு பெட்டியும் தனித்தனியாக அதை இறக்கினால் எங்கள் இன்டர்நெட் லைன் தாங்காது. அதனால் சர்வர் என்ற ஒரே பெட்டி எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளும். எதை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஜெபராணி ஒப்புதல் கொடுப்பாள். மற்றப் பெட்டிகள் சர்வரிடம் வந்து வாங்கிக்கொண்டு, "போட்டாயிற்று" என்று சொல்லிவிட்டுப் போகும். எந்தப் பெட்டி சொன்னது என்பது சர்வரின் பட்டியலில் பச்சையாகத் தெரியும். வார்டில் மருந்து கொடுத்துவிட்டு ஏட்டில் டிக் போடுகிற மாதிரிதான்.

அவள் வந்த புதிதில், சர்வர் பதினோரு நாள் எதையும் இறக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் பாதியில் நின்றது. சர்வரைக் கழற்றி மாட்டினாள், இன்டர்நெட் லைன்காரரை மூன்று தடவை வரவழைத்தாள். கடைசியில் காரணம் கன்னியர் மடத்தின் தாழ்வாரத்தில் இருந்தது. படுக்கப் போகும் முன் ஒரு வயதான சிஸ்டர் கரண்டு மிச்சம் பிடிக்க மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார். இன்டர்நெட் பெட்டியும் அதே ஸ்விட்சில் இருந்தது. அதோடு, அப்டேட் ஓடும்போது திரையில் ஏதாவது எழுத்து வந்தால் வார்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பயந்துபோய் ப்ளக்கைப் பிடுங்குவதும் தெரியவந்தது. அப்படி இரண்டு பெட்டிகள் கெட்டன.

ஜெபராணி எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்: "திரையில என்ன எழுத்து வந்தாலும் கை வைக்காதீக. அணைக்காதீக. அது பாட்டுக்கு ஓடட்டும்." ஒவ்வொரு பெட்டியிலும் "அணைக்காதீர்" என்று சீட்டு ஒட்டினாள். கன்னியர் நடத்தும் இடம். சொன்னால் கேட்டுப் பழகியவர்கள். அதன்பின் ஒருவர்கூட அணைக்கவில்லை.

மருத்துவமனையின் பொன்விழா பிப்ரவரியில் லூர்து மாதா திருநாளன்று வந்தது. வெளிநாட்டில் குடியேறிவிட்ட எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று இருபது கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்தது. பெட்டிகள் வந்து இறங்கியது திருநாளுக்கு மூன்று நாள் முன்பு. மறைமாவட்ட ஆயர் வந்து செபம் சொல்லி மந்திரிக்கும்போது இருபது திரையும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று நிர்வாகி சிஸ்டர் அருள்செல்வி சொல்லிவிட்டார். ஒரு பெட்டியைத் தயார் செய்ய அரை நாள் ஆகும். அதனால் ஜெபராணி ஒன்றைத் தயார் செய்து, அதை ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, மற்றவற்றில் பதித்தாள். நகல் எடுத்தால் அந்தப் பெட்டியின் அடையாள எண்ணும் கூடவே வந்துவிடும். ஒவ்வொன்றிலும் அதை அழித்துப் புது எண் வாங்க வைக்க வேண்டும். பதினான்கு பெட்டிக்கு அதைச் செய்தாள். மீதி ஆறும் மேசையில் இருக்கும்போது, ஆயரின் கார் சின்னமனூரைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. ஆறையும் எண்ணை மாற்றாமல் அப்படியே ஓடவிட்டாள். தீர்த்தம் தெளித்தார்கள். கேக் வெட்டினார்கள். பிறகு செய்துகொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்துபோனாள்.

இதெல்லாம் நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அன்று காலை ஒன்பது மணிக்கு என் வகுப்பின் வருகைத் தாளை அச்சடிக்க அவள் அறைக்குப் போயிருந்தேன். அவள் போன் அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இதே வேலை பார்க்கும் எஸ்தர். கோயம்புத்தூரில் ஜெபராணியோடு இருந்தவள். கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எல்லாம் போச்சுக்கா. ஒரு பெட்டி விடாம செவப்பு. தொறக்கவே முடியல. பணம் கட்டுன்னு எழுதியிருக்கு."

"எந்நேரம்?"

"ஆறு மணிக்கு. ஐ.சி.யூ.ல என்ன மருந்து ஓடுதுன்னுகூடத் தெரியல, நர்ஸம்மாக எல்லாம் அழுதுக்கிட்டு நிக்கிறாக. லேப் லைன் வழியா வந்துச்சுங்கிறாக. ஒங்களுக்கும் அதே லேப்தான?"

ஜெபராணி எழுந்தாள். சுவரில் இருந்த கேபிள் பெட்டியில் மஞ்சள் கேபிளைப் பிடுங்கினாள். சிறப்புப் பரிசோதனை முடிவுகள் வெளி லேப்பிலிருந்து வரும் லைன் அது. பிடுங்கிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பிடுங்கிட்டேல்ல. ஒக்காரு" என்றேன்.

உட்கார்ந்து சர்வரின் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழே எல்லாம் பச்சை. பெட்டிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் அந்த வைரஸ் நுழைகிற ஓட்டைக்கான அப்டேட் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. எல்லாப் பெட்டியிலும் போட்டாயிற்று என்று செப்டம்பரில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்திருந்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு சிஸ்டர் அருள்செல்வி வாசலில் வந்து நின்றார். "ஜெபா, நமக்கு ஒண்ணும் இல்லேல்ல?"

"இல்ல சிஸ்டர். எல்லாத்துலயும் போட்டிருக்கு."

"மாதாவே" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நானும் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவுக்குப் பக்கத்தில் போனபோது பின்னாலிருந்து, "டயாலிசிஸ் எங்கன?" என்று அவள் தனக்குள் கேட்டது காதில் விழுந்தது. திரும்பினேன். பட்டியலை விரலால் தடவிக்கொண்டு இறங்கினாள். டயாலிசிஸ் இல்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். டயாலிசிஸ் வந்துவிட்டது. ஆனால் மருந்தகத்தைக் காணோம். இன்னொரு தடவை அழுத்தினாள். மருந்தகம் வந்தது, எக்ஸ்ரே போனது.

அவள் பின்கழுத்தில் வியர்த்தது. நவம்பர் மாதம், மின்விசிறி ஓடுகிறது.

"மொத்தம் எத்தனை தெரியுது?" என்று கேட்டேன்.

"நாப்பத்தாறு." ஐம்பத்தொன்று இருக்க வேண்டிய இடம். "அக்கா, ஆறு பெட்டிக்கு ஒரே நம்பரு. எவன் கடைசியா வந்து பேசுறானோ அவன் பேரு மட்டும் தெரியுது. ஒருத்தன் 'போட்டாச்சு'ன்னு சொன்னதும் ஆறு பேருக்கும் போட்டதா சர்வர் எழுதிக்கிருச்சு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிரசவ வார்டில் இரண்டு குழந்தைக்கு ஒரே எண் பட்டையைக் கட்டிவிட்டால் இதுதான் நடக்கும். ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டால் ஏட்டில் இரண்டுக்கும் போட்டதாகிவிடும். நோய் வரும்வரை எந்தக் குழந்தைக்குப் போடவில்லை என்று தெரியாது.

பொத்தானை அழுத்தி அழுத்தி ஆறு பெயரையும் எழுதினாள். டயாலிசிஸ். மருந்தகம். எக்ஸ்ரே. பிரசவ வார்டு. பிசியோதெரபி. ஆறாவது, பொன்விழாவுக்கு வந்ததில் கடைசிப் பெட்டி. அதன் பெயர் வெறுமனே "ஜூபிலி 20" என்றிருந்தது.

"அது எங்க இருக்கு?"

"ஸ்டோர்ல. திருநாள் முடிஞ்சதும் உபரின்னு திரும்ப அட்டைப்பெட்டில போட்டு வச்சது. பிரிக்காம இருக்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிரிக்காத பெட்டி பட்டியலில் வராது என்பது அவளுக்குத் தெரியாதா.

"மொதல்ல டயாலிசிஸ்" என்று எழுந்தாள்.

அங்கே ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். ஒன்பது பேரின் ரத்தமும் குழாய் வழியே வெளியே போய் இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. யாருக்கு எவ்வளவு நீர் எடுப்பது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில். கூடுதலாக எடுத்துவிட்டால் ஆள் மயங்கிவிடுவார். இதய நோய் உள்ளவர் எழுந்திருக்காமலும் போகலாம்.

மகிமா இடுப்பில் கை வைத்து மறித்தாள். "ஷிப்ட்டு ஓடுது. ஒரு மணி வரைக்கும் இதைத் தொட விடமாட்டேன். எனக்குக் கணக்கு வேணும்."

"தொடலேன்னா ஒனக்குக் கணக்கே இருக்காது மகி." ஜெபராணி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் என் வகுப்பிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டேன். மகிமா திரையைப் பார்த்து வாசிக்க, ஒன்பது பேரின் கணக்கையும், மதியம் வரவேண்டிய எட்டுப் பேரின் கணக்கையும் தாளில் எழுதினார்கள். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி திருப்பி வாசித்தாள். பதினாறு நிமிடம். தாளைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம்.

மூன்றாம் கட்டிலில் இருந்த பேச்சிமுத்து லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஒட்டிய தாளை அண்ணாந்து பார்த்தார். "என்னத்தா, என்னிய ஏலம் விடப் போறீகளா?"

"ஒம்மள எவன் எடுப்பான், பேசாமப் படும்" என்றாள் மகிமா. அவள் கை மட்டும் கட்டில் கம்பியை விடவில்லை.

ஜெபராணி அந்தப் பெட்டியின் பழைய எண்ணை அழித்து, சர்வரிடம் போய்ப் புதிதாகப் பதிந்துகொள்ளும்படி கட்டளை கொடுத்தாள். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கொடுத்தாள். தன் அறைக்கு ஓடினாள். சர்வர் உறைந்து போயிருந்தது. பல வருடத்துப் பழைய அப்டேட்டுகள், யாருக்கும் வேண்டாதவை, டிஸ்க் முழுக்க அடைந்து கிடந்தன. பட்டியலை அத்தனை தடவை புதுப்பித்ததையும் புதுப் பதிவையும் அதனால் தாங்க முடியவில்லை.

சேவையை நிறுத்தி, பழையதைக் கழித்து, நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்து, மறுபடி எழுப்ப வேண்டும். அவசரத்தில் பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தாள். ஐந்தாவது தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தி வைத்தேன். நாடி நூற்று முப்பதுக்கு மேல் ஓடியது. "ஒவ்வொரு எழுத்தா அடி. நான் எங்கயும் போகல." நான்காவது தடவை திறந்தது.

கழிப்பதற்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அந்த இருபத்தைந்து நிமிடமும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே ஏதாவது வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மஞ்சள் கேபிளைப் பிடுங்கியது ஒன்பது மணிக்கு. எஸ்தர் இடத்தில் விழுந்தது ஆறு மணிக்கு. இடையில் மூன்று மணி நேரம் எங்கள் வாசலும் திறந்துதான் கிடந்தது.

சர்வர் எழுந்தது. டயாலிசிஸ் தனிப் பெயராக வந்து நின்றது. நாற்பத்தேழு. அப்டேட் இறங்கி ஏறத் தொடங்கியது. மருந்தகம், பிரசவ வார்டு, எக்ஸ்ரே என்று ஓடினாள். நான் வயதுக்கேற்றபடி பின்னால் நடந்தேன். பதினொன்று இருபதுக்கு ஐம்பது. இரண்டே பெட்டி பாக்கி. ஒன்று எங்கே என்றே தெரியாது. பிசியோதெரபி அறைக்குப் போனோம்.

அறையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபராணி நாற்காலியை இழுத்தவள் அப்படியே நின்றாள். திரையில் இருந்த படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை. மேல் வரிசை, அடுத்த வரிசை. கடைசிப் படமும் வெளுத்ததும் திரை சிவந்தது. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கடிதம்.

அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். "உள்ள இருக்கு" என்றாள். "வெளிய இருந்து வரல. உள்ள ஒண்ணு நின்னு எல்லாத்துக்கும் பரப்புது."

தன் அறைக்கு ஓடி, கேபிள் பெட்டியிலிருந்து அத்தனை கேபிளையும் இரண்டு கையாலும் பிடுங்கிப் போட்டாள். மினுங்கி மினுங்கி எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகள் அணைந்தன.

ஐந்து நிமிடத்தில் மருத்துவமனை முழுக்கச் சத்தம். வெளிநோயாளிகள் வரிசையில் இருநூறு பேர். சீட்டு அடிக்க முடியவில்லை. மருந்தகத்தில் ஒருவர் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அருள்செல்வி வேகமாக வந்தார்.

"ஜெபா, யாரைக் கேட்டு எல்லாத்தையும் நிறுத்துன?"

"வைரஸ் உள்ள வந்திருச்சு சிஸ்டர், ஒரு பெட்டியக் காணோம். அது எங்க இருக்குன்னு தெரியாம மாட்ட முடியாது."

ஸ்டோருக்குப் போனோம். "ஜூபிலி 20" என்று எழுதிய அட்டைப்பெட்டி அலமாரியில் இருந்தது. தூக்கினால் காற்றாக வந்தது. உள்ளே தெர்மகோல் மட்டும்.

ஸ்டோர்க்காரர் தலையைச் சொறிந்தார். "அது... ஈஸ்டருக்கு முந்தியே கோயிலுக்கு எடுத்துட்டுப் போனாக. பாட்டு வரி திரையில போடணும்னு ஃபாதர் கேட்டாக. ஒன்கிட்டச் சொல்லலையா?"

மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே சிற்றாலயம். கொரோனா சமயத்தில் திருப்பலி வார்டுகளில் கேட்க வேண்டுமென்று அங்கே ஒரு கேபிள் இழுத்திருந்தார்கள். ஜெபராணி ஓடவில்லை. விறுவிறுவென்று நடந்தாள்.

நண்பகல் மூவேளைச் செபம் நடந்துகொண்டிருந்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் முழந்தாளிட்டிருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டிருந்த பெரிய வெள்ளைத் திரை முழுவதும் சிவப்பு. அதே கடிதம், ஆள் உயரத்துக்கு. சிவப்பு வெளிச்சம் முன்வரிசையில் இருந்தவர்களின் முகத்தில் விழுந்திருந்தது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் லூர்துநாதன் கைகளைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். அறுபத்தைந்து வயது மனிதர்.

"வாம்மா" என்றார் மெதுவாக. "காலைப் பூசைக்குப் போட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. பதினோரு மணிக்கு வந்து பாத்தா இப்பிடி எழுத்து நிக்கிது. நீதான சொன்ன, என்ன வந்தாலும் கை வைக்காதீகன்னு. ஒரு பொத்தானத் தொடல. பாட்டுக் குழுப் பயக அணைக்க வந்தானுக, ஏலே போங்கடான்னு வெரட்டிட்டேன்."

முன்வரிசைக் கிழவி ஒருத்தி என் சேலையை இழுத்தாள். "இங்கிலீசுல என்ன செபம்மா போட்டிருக்காக? எங்களுக்கு வாசிக்கத் தெரியல."

ஜெபராணி ப்ளக்கை உருவினாள். திரை வெளுத்தது. உபதேசியாரிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க செஞ்சது சரிதான் ஐயா" என்றாள்.

அதன்பின் அவள் பட்டியலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறைக்கும் கால் நடையாகப் போய், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கோப்புகள் இருக்கின்றனவா, அப்டேட் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். நான் சுவர் ஓரமாகத் தாளும் பேனாவுமாக நின்று பெயர் எழுதினேன். நாலு மணி ஆயிற்று. நாற்பத்தொன்பது தப்பின. கோயிலும் பிசியோதெரபியும் போயின. பிசியோதெரபியில் ஒன்பது மாதக் குறிப்புகள் போனது போனதுதான். டயாலிசிஸ் பெட்டியில் அப்டேட் ஏறி முடிந்தது பதினொன்று ஐந்துக்கு. கோயில் பெட்டி பரப்பத் தொடங்கிய நேரத்துக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்று அவள் கணக்குப் பார்க்க முயன்றாள். "வேண்டாம்" என்று நான் தடுத்தேன். காலை ஒன்பது பேரும் மதியம் எட்டுப் பேரும் தாளில் எழுதிய கணக்குப்படியே முடித்து எழுந்தார்கள்.

நாலேகாலுக்கு சிஸ்டர் அருள்செல்வியின் அறை. நானும் கூடப் போனேன். கன்னியர் சபைத் தலைமைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

"பயப்படாத. சொல்லாம பெட்டிய எடுத்துட்டுப் போனது ஃபாதர். அணைக்காம விட்டது உபதேசியார். அப்படியே எழுதிரு. ஒன் பேருக்கு ஒண்ணும் வராது. செப்டம்பர் தாள நான் தேடிப்பாக்கச் சொல்ல மாட்டேன்."

சிஸ்டர் கெட்டவர் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஜெபராணிக்குச் சம்பளம் வேண்டும், வீட்டில் பள்ளிக்குப் போகும் பெண் இருக்கிறாள். பேனாவைக் கையில் எடுத்தாள். தாளில் "நகல்" என்று முதல் சொல்லை எழுதினாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"சிஸ்டர்" என்றாள். "அந்த நகல் டிஸ்க்க மார்ச்சுல நாம குடுத்தோம்ல. திண்டுக்கல் பக்கம் நம்ம சபை ஆஸ்பத்திரிக்கு."

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை.

"அந்த டிஸ்க்குல பதிச்ச பெட்டியெல்லாம் அங்க இந்த ஆறு மாதிரியேதான் இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே நம்பரு. அவுகளுக்கும் அதே லேப் லைன்தான். கோயில் மேலயும் உபதேசியார் மேலயும் எழுதுனா அங்க யாரும் போய்ப் பாக்க மாட்டாக. தப்பு என்னுது. அத எழுதித்தான் ஆகணும்."

எழுதுவதற்கு முன் போனை எடுத்தாள். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் ஜேசுராஜ், கணக்குப் பிரிவு ஆள்.

"ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் பச்சையா இருக்கு" என்றார் அவர் சாவகாசமாக.

"பச்சைய நம்பாதீக ஜேசுராஜ். லிஸ்ட்டுல எத்தன?"

"இருபத்திரண்டு."

"போனைக் கையில வச்சுக்கிட்டே நடந்து போயி ஒவ்வொரு ரூமா எண்ணுங்க. ஓடுங்க."

அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சர்க்கரையும் உப்பும் போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கலக்கி அவள் முன்னால் வைத்தேன். தொடவில்லை.

"முப்பத்தொண்ணு இருக்குக்கா" என்றார் ஜேசுராஜ். மூச்சு வாங்கியது. "ஒம்பது லிஸ்ட்டுலயே இல்ல. அக்கா... இங்கன ரிசப்ஷன்ல ஒண்ணுல படமெல்லாம் வெள்ளையா மாறுது. நான் ஒண்ணும் பண்ணலையே."

"புடுங்குங்க!" என்று அவள் கத்தினாள். தாழ்வாரத்தில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "கரண்ட்டப் புடுங்குங்க. அப்பறம் கேபிள் பெட்டிக்குப் போயி அத்தனையும் புடுங்குங்க. யாரையும் கேக்காதீக."

ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. சிஸ்டர் அருள்செல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புடுங்கிட்டேன்" என்றது போன். "அந்த ஒண்ணு போச்சுக்கா. பக்கத்து ரூம் நல்லா இருக்கு. ஐ.சி.யூ.வும் நல்லா இருக்கு. திட்டுறாக, ஆனா நல்லா இருக்கு."

ஜெபராணி போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். சொற்கள் வரிசையாக வந்தன. அப்டேட்டை ஒரு புதுப் பென்டிரைவில் எப்படி எடுப்பது, எந்த எண்ணை எங்கே தேடி அழிப்பது, அழித்தபின் என்ன கட்டளை. ஒரு பெட்டி முடிந்ததும் அடுத்தது. பேசிக்கொண்டே இடது பக்கம் கிடந்த அறிக்கைத் தாளை இழுத்து, "நகல்" என்ற சொல்லுக்கு அடுத்து மீதியை எழுதினாள். ஆயர் வந்த நாள், ஆறு பெட்டிகள், தான் விட்டுவிட்ட வேலை, செப்டம்பர்க் கையெழுத்து. கீழே தன் பெயர்.

சிஸ்டர் அதை வாசித்தார். கீழே முத்திரை வைத்தார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அடுத்த வாரம் வந்தது.

அந்த மாலை போனில் ஜேசுராஜோடு ஏழாவது பெட்டிக்கு வந்தபோதுதான் அவள் எலுமிச்சைத் தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்தாள்.